‘வாங்க மறுத்தார்’

கேள்வி: நான் அஞ்சல் துறையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சின்ன ஊரில் நடக்கும் மர்மக் கதை ஒன்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஆசைப்பட்டு 34 அத்தியாயம் எழுதிவிட்டேன். வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் கிணற்றில் பிணமாக மிதக்கிறார். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் துப்புத் துலக்குகிறார். படித்த பதிப்பாளர், "சிரிப்பு வர்ற இடத்துல மர்மம் நின்னுபோகுது, மர்மம் நகர்ற இடத்துல சிரிப்பைக் காணோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் தம்பி மகனோ "துப்பறியும் சாம்பு மாதிரி இருக்கு அத்தை" என்கிறான். பாராட்டா, கிண்டலா தெரியவில்லை. போலீஸ் இருக்கும்போது வெளியாள் எப்படி விசாரிக்க முடியும் என்றும் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

அம்மா, வணக்கம்.

உங்கள் கைப்பிரதியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பென்சில் இல்லாமல், இரண்டாம் முறை பென்சிலோடு. ‘என்று அவர் கூற, அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தனர்’ என்ற வாக்கியமும் அதன் அண்ணன் தம்பிகளும் மொத்தம் 27 இடத்தில் வருகின்றன. அத்தனை இடத்திலும் கதைக்குள் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், எனக்குத்தான் வரவில்லை. பந்தியில் நம்மை உட்கார வைத்துவிட்டு, பரிமாறுகிறவர்களே சாப்பிட்டு ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது. 27ஐயும் அடித்துவிடுங்கள்.

ஆனால் 12ஆம் அத்தியாயத்தில் ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். தபால்காரர் டீக்கடையில் சொல்கிறார்: "அந்த ஆளுக்கு ரிஜிஸ்டர் தபால்னா பாம்பக் கண்ட மாதிரி. தம்பி மவ கல்யாணப் பத்திரிகைய ரிஜிஸ்டர்ல அனுப்பியிருந்தாங்க. அதையும் வாங்கல. ‘வாங்க மறுத்தார்’னு எழுதித் திருப்பிட்டேன். தம்பி இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து 12 வருடமாக ஒரு பதிவுத் தபாலுக்கும் கையெழுத்துப் போடாத மனிதர். ஆளும் தெரிகிறது, ஊரும் தெரிகிறது. நீங்களோ அவரை அதோடு விட்டுவிட்டு, அடுத்த பத்தியிலேயே பேராசிரியரைப் பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டீர்கள்!

அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருக்கு ஒரு பதிவுத் தபால் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார். போதாததற்குத் தபால்காரருக்கு டீயும் வாங்கிக் கொடுக்கிறார். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. பேனா எழுதுகிறதா என்று பார்த்திருப்பார் என்கிறார் ஒருவர், சனி விலகிவிட்டது என்கிறார் இன்னொருவர். வாசகரும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். மறுநாள் வட்டிக்காரரின் பிணம் கிணற்றில் மிதக்கிறது. தபால் யாரிடமிருந்து வந்தது என்பது அப்புறம் தெரியவருகிறது. 20 அத்தியாயம் தாண்டி ஒரு நாள் வாசகருக்கு உறைக்க வேண்டும்: அனுப்பியவர் செத்துப்போனது தெரிந்த ஆள்தான் அந்தத் தபாலைப் பயமில்லாமல் வாங்க முடியும். வெள்ளிக்கிழமை காலையில் அது ஊரில் யாருக்கும் தெரியாதே!

பதிப்பாளர் சொன்ன கோளாறுக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் இது ஒன்றுதான். இப்போது நீங்கள் சிரிப்புக்கு ஓர் அத்தியாயம், துப்புக்கு ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறீர்கள். சிரித்து முடித்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். துப்பை ஒளித்து வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. உங்கள் துப்புகளோ ஒவ்வொன்றும் ‘பேராசிரியரின் புருவம் உயர்ந்தது’ என்று மணி அடித்துக்கொண்டு வருகின்றன. ஏழாம் அத்தியாயத்திலேயே கொலைகாரரைக் கண்டுபிடித்துவிட்டேன். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. புருவத்தை எண்ணிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

தம்பி மகன் சொன்னதைப் பற்றி. தேவன் 1940களில் விகடனில் எழுதிய சாம்புவுக்குத் துப்பறியத் தெரியாது. அசட்டுத்தனமாக எதையாவது செய்வார், அது போய்த் திருடன் தலையில் விழும், பெயர் சாம்புவுக்கு. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929ல் துப்பறியும் கதைக்கு 10 விதிகள் எழுதினார். தற்செயல் எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது அதில் ஒன்று. சாம்புவின் கதை முழுக்கத் தற்செயல்தான், சிரிப்பே அதில்தான் இருக்கிறது. ஆகவே தம்பி மகன் உங்களைப் பாராட்டவில்லை. உங்கள் பேராசிரியர் மேதை என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, 19ஆம் அத்தியாயத்தில் அவர் வழுக்கி விழுந்த இடத்தில் கொலைகாரரின் மோதிரம் கிடைக்கிறது என்றால் வேறு யார் ஞாபகம் வரும்? ஒன்று, ஆள் சாம்புவாக இருக்கட்டும், விழுந்துகொண்டே இருக்கட்டும். இல்லை, நிஜமாகவே மூளைக்காரராக இருக்கட்டும், மோதிரம் போகட்டும். நீங்கள் இரண்டாவதைத்தான் எழுத முடியும் என்று நினைக்கிறேன், உங்களுக்கு அசடர்களிடம் பொறுமை இல்லை. அது பிரதி முழுக்கத் தெரிகிறது.

ஆனால் அந்த மூளைக்காரர் பேராசிரியராக இருக்க வேண்டாம். பைப், உருப்பெருக்கிக் கண்ணாடி, மடியில் பூனை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி! சங்கரன்கோவில் பக்கம் எந்த மாதத்தில் அம்மா மூடுபனி? குற்றாலத்துச் சாரல் அங்கே எட்டிப் பார்த்தாலே ஊர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்குமே. விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருக்கள் அவை. கரண்ட் போனால்தான் அடுத்த வீட்டுப் பேச்சு காதில் விழும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை வருகிற நாளில் எத்தனை ரகசியம் சுவர் தாண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பிரதியில் ஒரு தறிகூட ஓடவில்லை.

33 வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் நீங்கள். யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து மணியார்டர் வருகிறது, அது எந்த மாதத்தோடு நின்றது, யார் ஆர்.டி.யைப் பாதியில் முடித்துப் பணத்தை எடுத்தார், யார் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போகிறது, எந்தக் கையெழுத்து எவருடையது, எல்லாம் பார்த்தவர். அப்படி ஒருவரைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேராசிரியரைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதல் நாவலில் வந்தது 1930ல். அந்தக் கிழவி பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்வதில்லை. கொலைகாரரைப் பார்த்ததும் தன் கிராமத்தில் இதே மாதிரி திருட்டு முழி முழித்த ஒருவரை ஞாபகப்படுத்திக்கொள்வார். ஊரைத் தெரிந்திருப்பதுதான் அவருடைய வித்தை. உங்கள் ஊரை உங்கள் போஸ்ட்மாஸ்டர் அம்மாவை விட யார் தெரிந்து வைத்திருக்கப் போகிறார்கள்?

அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். எந்த உறையையும் அவர் பிரிக்கக் கூடாது. அது சட்டமும்கூட, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறையின் வெளிப்பக்கத்தில் இருப்பதை வைத்தே அவர் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும்: முத்திரை, தேதி, கையெழுத்து, எடை, ‘வாங்க மறுத்தார்’, ‘விலாசதாரர் ஊரில் இல்லை’. அஞ்சலட்டைக்கு உள்பக்கமே கிடையாது, அதை என்ன செய்வது என்று அவர் மனசாட்சியோடு சண்டை போடட்டும். அந்தச் சண்டைக்கே ஓர் அத்தியாயம் தாங்கும்.

கதை நடக்கும் வருடத்தையும் மாற்றச் சொல்கிறேன். இன்று நடப்பதாக எழுதியதால்தான் கடைசியில் கண்காணிப்புக் கேமரா வந்து கொலைகாரரைக் காட்டிக்கொடுக்கிறது. செல்போன் கோபுரத்தையும் மளிகைக்கடைக் கேமராவையும் சமாளிக்க நீங்கள் எட்டு பக்கம் பாடுபட்டிருக்கிறீர்கள். 1998க்குப் போய்விடுங்கள். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலையில்தான், உங்கள் ஊருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுகிறவர், மீட்டர் ஓடுகிற பதற்றத்தில் கத்துவார், வரிசையில் நிற்கிற ஆறு பேரும் கேட்பார்கள். முந்தைய வருடம்தான் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்ற பெயர் போய்த் திருநெல்வேலி மாவட்டம் திரும்பி வந்திருக்கிறது. விலாசம் எழுதுகிற விதத்திலேயே ஆளின் குணம் தெரியும் என்று உங்கள் போஸ்ட்மாஸ்டர் அம்மா சொல்லலாம்.

அடுத்து, கொலைக்கான காரணம். ‘நீண்ட நாள் பகை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் யாருக்குத்தான் இல்லை? அதை எடுத்துவிட்டுப் புரோநோட்டை வையுங்கள். எழுதிக் கொடுத்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடவில்லை என்றால், இடையில் வரவு வைத்துக் கையெழுத்தும் வாங்கவில்லை என்றால், அந்தத் தாள் செத்த மாதிரி. இது நம் ஊரில் டீக்கடையில் உட்காருகிற எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பாதிதான் தெரியும், அங்கேதான் கதை இருக்கிறது. கடைசி நாளில் நீதிமன்றம் விடுமுறை என்றால், திறக்கிற நாளில் வழக்குப் போடலாம் என்பது காலவரையறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. புரோநோட்டின் தேதி 1995 ஜூன் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 வருடம் முடிவது 1998 ஜூன் 14. காலண்டரைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறோடு கடன் தீர்ந்தது என்று கொலைகாரர் நம்புகிறார். திங்கட்கிழமை காலை வட்டிக்காரரின் மனைவி நீதிமன்ற வாசலில் நிற்கிறார்.

12 வருடமாக ‘வாங்க மறுத்தார்’ என்று திருப்பி அனுப்பியதும் வீண்தான். வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இதை வக்கீல் குமாஸ்தா ஒருவர் எங்காவது அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மனிதர் முகம் போகிற போக்கை நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

இனி கிணறு. நள்ளிரவில் தள்ளிவிடுகிறார்கள், விடியற்காலை பிணம் மிதக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பெரும்பாலும் நடக்காது. உடல் முதலில் மூழ்கும். உள்ளே அழுகி வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். நம் வெயிலுக்கு அது ஒன்றிரண்டு நாள். பிழை என்று நினைக்காதீர்கள், உங்களுக்கு இது லாபம். வியாழன் இரவு கொலை, சனிக்கிழமை காலை பிணம். நடுவில் இருக்கும் வெள்ளிக்கிழமையில்தான் நம் ஆள் கையெழுத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிரதியில் இன்ஸ்பெக்டர், "புரொபசர் சார், நீங்கதான் எங்களுக்கு வழிகாட்டணும்" என்று வீடு தேடி வருகிறார். எந்த ஊரிலும் இது நடக்காது. ஆனால் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சந்தேக மரணம் என்றால் போலீஸ் பிரேத விசாரணை நடத்த வேண்டும், அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் கூட இருக்க வேண்டும். 1998ல் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194. பஞ்சாயத்தார் என்று உட்கார்த்திக் கையெழுத்து வாங்குவார்கள். இதற்கு ஆள் தேடி ஏட்டு வருகிறார் என்று தெரிந்ததும் ஒரு கடைத்தெருவே காலியாகும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையெழுத்துப் போட்டால் பின்னால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயம். ஒருவருக்குத் திடீரென்று பல்வலி, ஒருவர் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார். கவுன்ட்டரைச் சாத்திவிட்டு ஓட முடியாதவர் போஸ்ட்மாஸ்டர் அம்மா ஒருவர்தான். மரியாதைப்பட்டவர், அரசு ஊழியர், மாட்டிக்கொண்டார்.

இனி அவர் பிணத்துக்குப் பக்கத்தில் சட்டப்படி நிற்கிறார். சட்டைப் பையிலிருந்து நனைந்த சீட்டு ஒன்றை எடுக்கிறார்கள். ஏட்டுக்கு அது வெறும் காகிதம். அம்மாவுக்கோ தன் கையால் எழுதிக் கொடுத்த பதிவுத் தபால் ரசீது. வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்தால் பஸ் காசு கேட்பான் என்று வட்டிக்காரர் தானே வந்து வியாழக்கிழமை தபாலில் சேர்த்த நோட்டீஸ். மை கரைந்து பெயர் அழிந்து, எண்ணில் பாதி மட்டும் மிச்சம். அந்தச் சீட்டை வாசகருக்கும் அதே இடத்தில் காட்டிவிடுங்கள். துப்பறிபவர் பார்த்ததை வாசகரும் உடனே பார்க்க வேண்டும் என்பதும் நாக்ஸின் விதிகளில் ஒன்று, அதை மட்டும் மீறாதீர்கள். இன்ஸ்பெக்டரை முட்டாளாக்க வேண்டாம். நல்லவர், கெட்டிக்காரர், ஆனால் நாலு நாளாகப் பந்தோபஸ்தில் நின்று தூங்காதவர் என்றால் போதும். 174ல் பதிவான வழக்கை அவரே கடைசியில் 302ஆக, அதாவது கொலை வழக்காக மாற்றட்டும்.

பேச்சுமொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஆட்கள் எல்லாரும் வானொலிச் செய்தி வாசிக்கிறார்கள். நெல்லைச் சீமைத் தமிழை வைத்துக்கொண்டு ஏன் இந்தச் சிக்கனம்? வேண்டாத எதையும் ‘சவம்’ என்று சொல்லும் ஊரில் நிஜமாகவே ஒரு சவம் கிடக்கிற கதை எழுதுகிறீர்கள்! கிணற்றுக்குள்ளிருந்து கயிறு கட்டித் தூக்குகிறார்கள். மேலே எட்டிப் பார்த்த அண்ணாச்சியின் புதுச் செருப்பு உள்ளே விழுந்துவிடுகிறது. அவர் புலம்பத் தாங்காமல் பக்கத்தில் இருப்பவர், "சவத்த விடும்வே" என்கிறார். கயிற்றைப் பிடித்திருந்தவர் விட்டுவிடுகிறார். இதை நான் எழுதினால் கடன் வாங்கிய மாதிரி இருக்கும், நீங்கள் எழுதினால் வீட்டுச் சமையல்.

செத்தவரைப் பற்றி ஒரு கவனம். சிரிப்பு அவரைச் சுற்றி நடக்கட்டும், அவர் மனைவியின் அழுகையைத் தொடாமல் விலகிப் போகட்டும். 5ஆம் அத்தியாயத்தில் அந்த அம்மாள் மூக்குச் சிந்துவதை வைத்து நீங்கள் செய்திருக்கும் வேடிக்கை எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்துப் பேராசிரியர் 11 பக்கம் பேசுகிறார். எங்கள் ஊரில் என்றால் மூன்றாம் பக்கத்திலேயே பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். கூட்டம் தானாகச் சேரும் இடம் உங்கள் கதையிலேயே இருக்கிறதே, பதினாறாம் நாள் விசேஷம். கடன்பட்டவர்கள் எல்லாரும் பந்தியில் இருப்பார்கள், வராவிட்டால் சந்தேகப்படுவார்களே! நம் ஆள் இன்ஸ்பெக்டரிடம், தனக்கும் செத்தவருக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். தபாலைப் பற்றிக் கேட்டபோது, பிரிக்காத உறையை அப்படியே எடுத்துக் காட்டி, "உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படிங்கய்யா தெரியும்?" என்றும் தப்பித்திருக்கிறார். அம்மா அதிகம் பேச வேண்டாம். ரசம் ஊற்றும் நேரத்தில், பக்கத்து இலைக்காரரிடம் சொல்கிற மாதிரி, அந்த வீட்டம்மா திங்கட்கிழமை வழக்குப் போட்டுவிட்டாராம் என்று மட்டும் சொல்லட்டும். எதிர் வரிசையிலிருந்து குரல் வரும்: "அதெப்படி? ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுபோச்சே!"

யாருடைய புரோநோட்டு என்று அம்மா சொல்லவே இல்லை. பந்தியில் ஒரு நிமிடம் யாரும் மெல்லக்கூட மாட்டார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தில் இன்ஸ்பெக்டரைக் கை கழுவ வையுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் 9 பேர் அதிகம், நாலு போதும். 34 அத்தியாயம் 22க்குள் அடங்கும். ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்துவிடுங்கள், பஸ் மட்டும் நிஜ ஊர்களுக்குப் போகட்டும். பணிக்காலத்தில் உங்கள் கையில் வந்த நிஜமான உறை எதையும், யாருடைய நிஜமான கடனையும் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அந்த ரிஜிஸ்டர் தபால் மனிதர் உண்மையில் இருக்கிறார் என்றால் அவரைத் தயவுசெய்து வேறு தெருவுக்கு, வேறு தொழிலுக்கு, வேறு மீசைக்கு மாற்றிவிடுங்கள்.

முதலில் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியை மட்டும் எழுதி அனுப்புங்கள், 6 பக்கத்துக்கு மேல் வேண்டாம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதில் அனுப்பினாலும் சரி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.